பக்கத்துக்கு இருபது ரூபாய்

தூதரகத்தின் பாதுகாப்பு அறிவுரை
ஆங்கிலத்தில் ஒரு பக்கம், இந்தியில் ஒரு பக்கம்.
தமிழுக்கு
தொண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் கடைக்கு வர வேண்டும்.

நம்புதாளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள் களஞ்சியம்.
நண்டு வலை பிரித்துக் கீறிய விரல்களால்
செல்போனை நீட்டினாள்.
"அவுகளுக்கு வந்துச்சாம், புரியலையாம்.
தமிழ்ல அடிச்சு அனுப்பி விடுங்க."

அந்தத் துறைமுக ஊரில்
மீன் ஏலக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி
வியாழக்கிழமை ஒரு வேன் வெடித்திருக்கிறது.
நம்புக்குமார் அப்போது கடலில்.
புகையைப் பார்த்து
யாரோ டீசல் பிடிக்கும்போது பீடி பற்றவைத்துவிட்டான்
என்று நினைத்தானாம்.

அடிக்கத் தொடங்கினேன்.

கூட்டமான இடங்களைத் தவிர்க்கவும்.
"ரூம்ல பதினாலு பேரு,
அது கூட்டமா இல்லையா?"
எனக்குத் தெரியவில்லை.

தினமும் ஒரே வழியில் செல்ல வேண்டாம்.
கேம்ப்பிலிருந்து படகுத்துறைக்கு
ஒரு வழிதான், கம்பெனி வண்டி போகிற வழி.
கடலில் என்றால் மாற்றலாம்.
மாற்றினால் எல்லை.
எல்லையைப் பற்றி
எங்கள் கரையில் யாருக்கும்
பாடம் எடுக்கத் தேவையில்லை.

பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவும்.
இங்கே சிரித்துவிட்டாள்.
பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில்.
அவன் சட்டைப்பையில் இருப்பது
போன ஆனியில் நான் போட்டுக் கொடுத்த கலர் ஜெராக்ஸ்.
லேமினேஷனோடு நாற்பது ரூபாய்.

பிறர் கவனத்தை ஈர்க்காமல் நடந்துகொள்ளவும்.
அதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை.
ஆறு வருசமாக அவன் செய்கிற வேலையில்
அதுவும் ஒன்று.

சந்தேகத்துக்குரிய நபர்களைக் கண்டால்
உடனே தகவல் தெரிவிக்கவும்.
என் விரல் கொஞ்சம் நின்றது.
போன முறை வேறெங்கோ வெடித்தபோது
மஃப்டியில் இரண்டு பேர் வந்து
பலகையில் வாப்பாவின் பெயரைப் படித்தார்கள்.
உள்ளே வந்து அதையே மறுபடி கேட்டார்கள்.
ஒரு மாத ஜெராக்ஸ் கணக்கு கேட்டார்கள்.
டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்கள்.

நம்புக்குமாரும்
தோளில் பையோடு, பாஷை தெரியாமல்,
ஏதோ ஒரு தெருமுனையில் நின்று
ரீசார்ஜ் கடை தேடுவான்.
அந்த ஊர்க்காரன் கையிலும்
இதே அறிவுரை
அவன் மொழியில் இருக்கும்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

விழிப்புடன் இருக்கவும்
என்று அடித்து, அழித்தேன்.
பதினெட்டு மணி நேரம் வலை இழுத்துவிட்டு
வந்து விழுகிறவனிடம்
என்ன விழிப்பு.
சூதானமா இரு
என்று அடித்தேன்.
அவள் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி,
"இது சரி" என்றாள்.

கடைசியில் ஒரு அவசர எண்.
"அடிச்சுப் பாருங்க, எடுக்குறாகளான்னு."
வெளிநாட்டுக் கால், காசு போகும் என்றேன்.
"போகட்டும்."
ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.
இந்திக்கு இரண்டை.
மூன்றுக்காக இருவரும் காத்திருந்தோம்.
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

அனுப்பிய தமிழுக்குக் கீழே
இரண்டு நீல டிக் விழுந்தன.
பிறகு அவன் குரல், பின்னால் இன்ஜின் சத்தம்:
"படிச்சேன். இப்பக் கெளம்புறோம்.
நாலு நாளைக்கு சிக்னல் இருக்காது."

மாமனாரையும்
சின்ன மச்சானையும்
கொண்டுபோன கடல்.
கடலுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும்
வயிற்றில் கை வைத்துக்கொள்கிற பெண்
அன்று என் பிளாஸ்டிக் நாற்காலியில்
முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.
"அப்பச் சரி. கடல்லதான இருப்பாக."

ஒரு பக்கம்தான். இருபது ரூபாய்.
சுருக்குப்பையிலிருந்து எடுத்த நோட்டில் நண்டு வாடை.
மின்விசிறிக்கு நேரே
ஸ்டேப்ளரை வைத்து அமுக்கினேன்.
அஞ்சாம் நாள் காலையில்
கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.